இணையத்தளக் ‘குக்கீ’களும் வாடிக்கையாளரின் அமானிதமும்

2009ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாளைக்குச் சரக்கு எடுக்கும் நாட்கள். அப்போது வெளியூரில் ஒரு சிறிய புடவைக் கடை நடத்திக்கொண்டிருந்தேன். நான் துணி எடுக்கும் கொழும்பு மொத்த வியாபாரி அவ்வருடம்தான் இணையத்தளம் ஒன்றை ஆரம்பித்து, வழக்கமாக எடுப்பவர்களுக்குத் தனித்தனியே பாவனைப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருந்தார். உள்ளே போனால் நமக்கென்று அவர் போட்டிருக்கும் விலை தெரியும். அங்கேயே ஓடர் கொடுத்துவிடலாம். கடையில் கணினி இல்லாததால் சந்தியிலிருந்த கொமியூனிகேஷனுக்குப் போய், காசு கொடுத்து அமர்ந்து, ஓடரைப் போட்டுவிட்டு, திரையின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டு எழும்பி வந்தேன்.

மூன்றாம் நாள் எதிர்க்கடை நானா சிரித்துக்கொண்டே வந்தார். “உங்களுக்கு மட்டும் கெஜத்துக்கு இவ்வளவு குறைச்சுத் தாறாங்க என்டு எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்தபோது, எனக்குப் பின்னர் அதே கணினியில் அமர்ந்தவர் அவர்தான் என்று தெரிந்தது. அவரும் அதே மொத்த வியாபாரியிடம் எடுப்பவர். தளத்தின் முகவரியைத் தட்டியதும், கடவுச்சொல் எதையும் கேட்காமல், என் பெயரும் என் விலைப் பட்டியலும் தானாகவே வந்து நின்றிருக்கின்றன. அவர் கொழும்புக்குப் போய் அதே விலையைத் தனக்கும் கேட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். மொத்த வியாபாரியின் கோபம் என்மேல் வந்தது. அந்தப் பெருநாளோடு எனக்கிருந்த விசேட விலையும் போயிற்று.

கொமியூனிகேஷன் பையன்தான் என் கடவுச்சொல்லை விற்றிருக்கிறான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளையாக அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. உள்ளே நுழையும்போது “என்னை நினைவில் வைத்திரு” என்ற சிறு பெட்டியில் சரி அடையாளம் போட்டது நான்தான். வெளியேறும் பொத்தானை அழுத்தாமல் வந்ததும் நான்தான். மற்றதையெல்லாம் ‘குக்கீ’ என்ற ஒரு சின்னப் பொருள் செய்து முடித்திருந்தது.

இன்று நம்மவர்களில் பலர் சொந்தமாக இணையத்தளம் வைத்து வியாபாரம் செய்கிறார்கள். தளத்தைத் திறந்தவுடன் “நாங்கள் குக்கீகளைப் பயன்படுத்துகிறோம், சம்மதமா?” என்று கேட்கும் பெட்டியைக் காணாதவர் இல்லை. என்னவென்று வாசித்து அழுத்துபவர் மிகச் சிலரே. ஆகவே இவ்வாரம் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பை வாங்கி வைத்துத் தரும் டோக்கன்

குக்கீ என்றால் சாப்பிடும் பிஸ்கட் அல்ல. யுனிக்ஸ் கணினிகளில் வேலை செய்தவர்கள், ஒரு நிரல் இன்னொன்றுக்குக் கொடுத்து அப்படியே திரும்பப் பெறும் சிறு அடையாளத் துண்டை ‘மெஜிக் குக்கீ’ என்று அழைத்து வந்தார்கள். அந்தப் பெயரையே 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியியலாளர் லூ மொன்டூலி தமது புதிய யோசனைக்கும் வைத்தார்.

அவருக்கு வந்த பிரச்சினை ஒரு வியாபாரப் பிரச்சினைதான். இணையத்தளத்தை வைத்திருக்கும் கணினிக்கு, அதாவது சேவையகத்துக்கு, ஞாபக சக்தி கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்பீர்கள், அது தரும். அத்தோடு உங்களை மறந்துவிடும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நீங்கள் அதற்குப் புது ஆள். ஒரு சட்டையைத் தெரிந்து கூடைக்குள் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் கூடை யாருடையது என்று அதற்குத் தெரியாது. இப்படி ஒரு கடைக்காரர் இருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? நெட்ஸ்கேப்பின் வாடிக்கையாளரான எம்.சி.ஐ. என்ற தொலைத்தொடர்பு நிறுவனம், வாங்குபவரின் அரைகுறைக் கணக்கைத் தனது கணினியில் சுமந்துகொண்டிருக்க விரும்பவில்லை. அப்படியானால் அதை வாங்குபவரின் கணினியிலேயே வைத்துவிடலாமே என்பதுதான் மொன்டூலியின் தீர்வு.

பெரிய கடைகளுக்குள் போகும்போது வாசலில் பையை வாங்கி வைத்துவிட்டு ஓர் இலக்கத் தகடு தருவார்களல்லவா? குக்கீயும் அப்படித்தான். தளம் ஒரு நீண்ட இலக்கத்தை எழுதி உங்கள் உலாவியிடம் கொடுக்கிறது. உலாவி அதைப் பத்திரப்படுத்தி, அதே தளத்துக்கு மீண்டும் போகும்போதெல்லாம் நீங்கள் கேளாமலே எடுத்துக் காட்டுகிறது. தகட்டில் உங்கள் பெயரோ பைக்குள் இருப்பதோ எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை. இலக்கத்தைப் பார்த்ததும் கடைக்காரர் தன் பக்கத்துக் கொப்பியைப் புரட்டி ஆளை அறிந்துகொள்வார். ஆனால் தகடு யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் பை கொடுக்கப்படும். எதிர்க்கடை நானாவுக்கு என் விலைப் பட்டியல் கிடைத்த இரகசியம் இதுதான். என் தகட்டைக் கொமியூனிகேஷன் கணினியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஒரு குக்கீயின் அளவு பொதுவாக 4 கிலோபைட்டுக்கு மேற்படுவதில்லை. அது வெறும் எழுத்து. தானாக ஓடும் நிரல் அல்ல. எனவே “குக்கீயால் வைரஸ் வரும்” என்று சொல்வது சரியல்ல. சில குக்கீகள் உலாவியை மூடியதும் அழிந்துபோகும். சிலவற்றுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு மாதம், ஒரு வருடம் என்று. “என்னை நினைவில் வைத்திரு” என்று நாம் சரி போடும்போது கேட்பது இந்த இரண்டாம் வகையைத்தான்.

மொழி, கூடை, உள்நுழைவு ஆகியவற்றுக்கான குக்கீகள் இல்லாமல் இணையத்தில் வியாபாரமே இல்லை. இவற்றைக் குறை சொல்வது, கடைக்காரர் நம் முகத்தை ஞாபகம் வைத்திருக்கிறார் என்று குறை சொல்வதைப் போன்றது. சிக்கல் அடுத்த வகையில் இருக்கிறது.

வாசலில் நிற்கும் மூன்றாமவர்

கெய்சர் வீதியில் துணிக் கடை ஒன்றுக்குள் நுழைகிறீர்கள். கடைக்காரரின் தகட்டோடு, வாசலில் நிற்கும் இன்னொருவரும் ஒரு தகட்டைத் தருகிறார். அவர் கடைக்காரரின் ஆள் அல்ல. கடைக்காரர் அவருக்கு நிற்க இடம் மட்டும் கொடுத்திருக்கிறார். அங்கிருந்து செட்டியார் தெருவுக்கு நகை பார்க்கப் போகிறீர்கள். அங்கும் அதே ஆளின் கூட்டாளி நின்று, முதல் தகட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். பிறகு மருந்துக் கடை, பிறகு புத்தகக் கடை. எல்லா வாசல்களிலும் அவர்களே. மாலையில் அவர்களுடைய கொப்பியில் ஒரு கதை இருக்கிறது: இந்த இலக்கத்துக்காரர் கலியாணத் துணி பார்த்தார், தாலிக்கொடி விலை கேட்டார், நீரிழிவு மருந்து வாங்கினார். எந்தக் கடைக்காரரிடமும் முழுக் கதை இல்லை. வாசலில் நின்றவரிடம் மட்டுமே இருக்கிறது.

மூன்றாந் தரப்புக் குக்கீ என்பது இதுதான். ஓர் இணையப் பக்கம் தோற்றத்தில் ஒன்றாக இருந்தாலும் அதன் துண்டுகள் பல இடங்களிலிருந்து வந்து சேர்கின்றன. செய்தி ஓரிடத்திலிருந்து, விளம்பரப் படம் வேறோரிடத்திலிருந்து, பகிரும் பொத்தான் இன்னோரிடத்திலிருந்து. ஒவ்வோர் இடமும் தன் தகட்டைக் கொடுக்கலாம். படம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒரு புள்ளி அளவான, நிறமற்ற படம் போதும்.

இந்த ஆபத்து பின்னர்தான் தெரியவந்தது என்று எவரும் சொல்ல முடியாது. 1996 பெப்ரவரியில் லண்டன் ‘பைனான்ஷியல் டைம்ஸ்’ பத்திரிகை எழுதிய பின்னரே சாதாரண மக்களுக்குக் குக்கீ என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அதுவரை அது சத்தமில்லாமல் எல்லோருடைய கணினியிலும் இருந்து வந்தது. அடுத்த ஆண்டு, 1997 பெப்ரவரியில், இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் குழு குக்கீகளுக்கான விதியை வெளியிட்டபோது, மூன்றாந் தரப்புக் குக்கீகளை உலாவிகள் வழமையாக அனுமதிக்கக்கூடாது என்றே எழுதியது. பிரதான உலாவிகளைச் செய்த நிறுவனங்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. டபிள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் வளர்ந்தன. அந்த டபிள்கிளிக்கை வாங்குவதற்கு 2007இல் கூகுள் இணங்கிய விலை 310 கோடி டொலர். வாசலில் நின்று குறிப்பெடுப்பதற்கு என்ன பெறுமதி என்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

உங்களை முன்பே அறிந்த கடைக்காரர் விலையை மாற்றினால் என்ன நடக்கும்? இதற்கு வியாபாரிகள் அனைவரும் அறிய வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவில் அமேசன் தளத்தில் ஒரு வாடிக்கையாளர் திரைப்பட டீ.வீ.டீ. ஒன்றின் விலையைப் பார்த்தார். 26 டொலர் 24 சதம் என்றிருந்தது. தன் கணினியிலிருந்த குக்கீகளை அழித்துவிட்டுப் புது ஆளைப் போல் மீண்டும் போனார். அதே பொருள் 22 டொலர் 74 சதமாக இறங்கியிருந்தது. செய்தி பரவியதும் பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். விசுவாசமாக வாங்கி வந்தவனுக்குக் கூடிய விலையும் நேற்று வந்தவனுக்குக் குறைந்த விலையுமா என்பது அவர்களுடைய கேள்வி. ஆளைப் பார்த்து விலை வைக்கவில்லை, குருட்டுவாக்கில் பல விலைகளைப் போட்டுப் பரீட்சித்தோம் என்று நிறுவனம் விளக்கமளித்தது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நம்பிக்கை போய்விட்டது. கடைசியில் 6,896 பேருக்குத் தலைக்குச் சராசரியாக 3 டொலர் 10 சதம் வீதம் திருப்பிக் கொடுத்து, தாம் செய்தது தவறு என்று நிறுவனத்தின் தலைவர் ஜெப் பெஸோஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

எதிர்க்கடை நானா என் விலையைப் பார்த்ததும் என் மொத்த வியாபாரிக்கு வந்த நெருக்கடியும் இதே சாதிதான். ஆளுக்கொரு விலை வைத்திருக்கும் எவருக்கும் அது வெளியே தெரியும் நாள் ஒன்று வருகிறது.

பொருத்தமும் பொத்தானும்

அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆவது வசனம் வியாபாரத்தை இரு தரப்பாரின் பொருத்தத்தோடு சேர்த்தே பேசுகிறது என்பதை நம் வியாபாரிகள் ஜும்ஆக்களில் எத்தனையோ தடவை கேட்டிருப்பார்கள். வாங்குபவர் மனம் பொருந்தித் தராத காசு நமக்கு ஆகாது என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. அப்படியானால், மனம் பொருந்தித் தராத தகவல்? அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆவது வசனம் பிறரைத் துருவி ஆராய்வதைத் தடுத்திருப்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை; அது உலமாக்களின் வேலை. ஒரு வியாபாரி என்ற வகையில் எனக்கு உறுத்துகின்ற ஒன்றையே சொல்கிறேன்.

ஐரோப்பாவில் இந்த விடயம் சட்டமாகவே வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் கொண்டுவந்த பணிப்புரையை 2009இல் திருத்தி, அத்தியாவசியமல்லாத குக்கீகளை வைப்பதற்கு முன் பாவனையாளரின் சம்மதம் பெற வேண்டும் என்று விதித்தது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்பதை மேலும் இறுக்கியது. இன்று நாம் காணும் சம்மதப் பெட்டிகளின் பூர்வீகம் இவைதான்.

சட்டம் வந்ததும் தந்திரமும் வந்தது. “சம்மதம்” என்ற பொத்தான் பெரிதாக, பச்சையாகக் கண்ணில் அடிக்கும். மறுப்பதற்கான வழியோ சாம்பல் நிறத்தில், மூன்று பக்கம் உள்ளே. சிலர் சரி அடையாளத்தைத் தாமே போட்டு வைத்துவிட்டு, “நீங்கள் எடுக்கவில்லையே, ஆகவே சம்மதித்துவிட்டீர்கள்” என்றார்கள். ஜேர்மனியின் பிளனட்49 என்ற நிறுவனம் தொடர்பான வழக்கில், முன்கூட்டியே போடப்பட்ட சரி அடையாளம் சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 ஒக்டோபர் 1ஆம் திகதி தீர்ப்பளித்தது. ஏற்பதைப் போல மறுப்பதை இலகுவாக வைக்கவில்லை என்பதற்காகப் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அதிகார சபை, 2022 ஜனவரியில் அறிவித்த தீர்மானங்களில், கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்தது. குக்கீ வைத்ததற்காக அல்ல. “வேண்டாம்” என்று சொல்லும் வழியை ஒளித்ததற்காக.

இது எங்கோ ஐரோப்பாவில் நடப்பது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. ஐரோப்பிய ஒழுங்குவிதி, ஒன்றியத்துக்கு வெளியே இருந்துகொண்டு அங்குள்ளவர்களுக்குப் பொருள் விற்பவரையும் கட்டுப்படுத்தும். பேருவளையிலிருந்து ஜேர்மனியில் உள்ளவருக்கு இணையத்தில் மாணிக்கக் கல் விற்பவர், மாத்தளையிலிருந்து பிரான்ஸுக்கு வாசனைத் திரவியம் அனுப்பும் தளத்தை நடத்துபவர் ஆகியோருக்கு இது சொந்த விடயமே. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. 2025இல் அது திருத்தப்பட்டது. சட்டத்தின் எந்தப் பகுதி எப்போதிலிருந்து உங்களைக் கட்டுப்படுத்தும் என்பதை உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

என் தளத்திலும்

மற்றவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் என் சொந்தத் தளத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இப்போது எங்கள் கடைக்கும் ஒரு தளம் உண்டு. கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கத்திலுள்ள சிறு குறியை அழுத்தி, குக்கீகளும் தளத் தரவுகளும் என்ற பகுதிக்குள் போனேன். எங்கள் கடையின் பெயர் மட்டும் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வேறு நான்கு பெயர்களும் இருந்தன. அவற்றில் இரண்டை நான் வாழ்க்கையில் கேள்விப்பட்டதே இல்லை.

தளத்தைச் செய்து தந்த தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒன்று, எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவதற்கு. ஒன்று, மூன்று வருடத்துக்கு முன்னர் சமூக ஊடகத்தில் ஒரு மாதம் விளம்பரம் போட்டபோது வைத்தது; விளம்பரம் முடிந்தும் அது எடுக்கப்படவில்லை. மற்ற இரண்டும் இலவசமாகக் கிடைத்த அலங்காரப் பொத்தான்களோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. “எல்லாரும் போடுறது தானே நானா, அதான் நானும் போட்டேன்” என்றான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. வாசலில் யாரை நிற்க விடுகிறோம் என்று பார்க்க வேண்டியது கடைக்காரனின் வேலை. மூன்று வருடமாக என் கடையில் அபாயா பார்த்த சகோதரிகளின் நடமாட்டத்தை, எனக்குச் சதத்துக்குக்கூடப் பிரயோசனம் இல்லாமல், முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எண்ணுவதற்கான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் எடுக்கச் சொன்னேன். அந்த ஒன்றும் வருபவர் சம்மதித்த பிறகே ஓட வேண்டும், “வேண்டாம்” பொத்தான் “சரி” பொத்தானின் அளவிலேயே பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். “நானா, அப்படி வச்சா பாதிப் பேர் வேண்டாம் என்டுதான் அமத்துவாங்க” என்று எச்சரித்தான். பரவாயில்லை. உண்மையில் வேண்டாம் என்பவர்களின் கணக்கை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?

தளம் வைத்திருப்பவர்கள், செய்து தந்தவரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. நம் தளத்தில் வெளியாரின் நிரல்கள் எவை, அவற்றால் நமக்கு என்ன பயன், வைக்கப்படும் குக்கீயின் ஆயுள் எவ்வளவு என்று கேட்டால் போதும். கூகுள் அனலிட்டிக்ஸின் பிரதான குக்கீக்கு வழமையாகக் குறிக்கப்படும் ஆயுள் 2 வருடங்கள். (குரோம் உலாவி 2022 முதல் எந்தக் குக்கீயையும் 400 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை.) உள்நுழைவுக் குக்கீகள் குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் மட்டுமே போக வேண்டும் என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 2010இல் எரிக் பட்லர் என்ற அமெரிக்க மென்பொருளாளர் ‘பயர்ஷீப்’ என்ற சிறு நிரலை வெளியிட்டு, பொது இடத்து வைபையில் இருப்பவர்களின் குக்கீகளை யாரும் பிடித்து அவர்களுடைய கணக்குக்குள் நுழையலாம் என்று காட்டியபோதுதான் பெரிய தளங்கள் பலவும் விழித்துக்கொண்டன.

பாவிப்பவர்கள் செய்யக்கூடியவை

முதலாவது, மூன்றாந் தரப்புக் குக்கீகளைத் தடுத்துவிடுங்கள். அப்பிளின் சபாரி 2020 மார்ச் முதல் அவற்றைத் தானாகவே தடுக்கிறது. பயர்பொக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி ஜாடியில் வைப்பதுபோல் பிரித்து வைத்துவிடுகிறது. வாசலில் நிற்பவர் ஒரு கடையில் கொடுத்த தகட்டை மறு கடையில் காண மாட்டார். நம்மவர்கள் அதிகம் பாவிக்கும் குரோமில் மட்டும் இதை நீங்களே செய்ய வேண்டும். மூன்றாந் தரப்புக் குக்கீகளை இரண்டு வருடத்தில் ஒழித்துவிடுவோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. பிறகு திரும்பத் திரும்பத் தவணை கேட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் வாழும் நிறுவனத்திடம் வேறென்ன எதிர்பார்ப்பது? மூன்று புள்ளிகளை அழுத்தி அமைப்புகளுக்குப் போய், தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதியில் மூன்றாந் தரப்புக் குக்கீகள் என்பதைத் தேடித் தடுத்துவிடலாம். ஏதாவதொரு தளம் சரியாக வேலை செய்யாவிட்டால் அதற்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது அழிப்பது. அதே பகுதியில் உலாவல் தரவை அழிக்கும் வசதி இருக்கிறது. குக்கீகளை மட்டும் தெரிவுசெய்து அழித்தால் பெரும்பாலான தளங்களிலிருந்து நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள். சேமித்த கடவுச்சொற்கள் போய்விடா, அவை வேறிடத்தில் இருக்கின்றன. ஆனால் எங்கோ கடவுச்சொல்லை மறந்துவிட்டு, குக்கீயின் தயவில் உள்ளே இருந்து வருபவர்கள் அழிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: “வேண்டாம்” என்று நீங்கள் சொன்ன பதிலையும் தளங்கள் ஒரு குக்கீயில்தான் எழுதி வைக்கின்றன. அழித்தால் அதே கேள்வியை மீண்டும் கேட்பார்கள். மேலும், உங்கள் கையிலுள்ள தகட்டை எறிந்தாலும் கடைக்காரரின் கொப்பியில் ஏற்கெனவே எழுதியவை அப்படியே இருக்கும். கைத்தொலைபேசியிலுள்ள செயலிகளின் கதையும் வேறு. அவை குக்கீக்குப் பதிலாகத் தொலைபேசியின் விளம்பர அடையாள இலக்கத்தை நாடுகின்றன. அதை நீக்கும் அல்லது மறுக்கும் வழி தொலைபேசியின் அமைப்புகளில் இருக்கிறது.

பிறருடைய கணினியில் அமரும்போது தனிப்பட்ட ஜன்னலைப் பாவியுங்கள். அந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடியதும் அதில் வாங்கிய குக்கீகள் அழிந்துவிடும். அதனால் இணைய சேவை தருபவரின் கண்ணிலிருந்தோ நீங்கள் போகும் தளத்தின் கண்ணிலிருந்தோ மறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அடுத்து அமர்பவரிடமிருந்து மட்டுமே அது காப்பாற்றும். 2009இல் எனக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது.

கொமியூனிகேஷன்கள் இன்று குறைந்துவிட்டன. ஆனால் கடைக் கல்லாவில் ஒரே கணினியை முதலாளியும் காசாளரும் பின்னேரத்தில் வரும் பிள்ளைகளும் பாவிக்கும் வழக்கம் நம்மிடம் நிறையவே உண்டு. எங்கள் கடையில் இப்போது அந்தக் கணினியில் ஆளுக்கொரு பாவனையாளர் கணக்கு இருக்கிறது. வங்கித் தளத்திலும் சரக்கு எடுக்கும் தளங்களிலும் “என்னை நினைவில் வைத்திரு” பெட்டியை எவரும் தொடுவதில்லை. இரவு கதவு போடுமுன், திறந்திருக்கும் ஒவ்வொரு தளத்திலிருந்தும் முறையாக வெளியேறுகிறோம். பெருக்கல் குறியை அழுத்துவது அதற்குப் பிறகுதான்.